ஹானர்ஸ் என்றால் எத்தனை வருடம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் காவேரிப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பேச்செல்லாம் காலேஜ்தான். வேலூர்ப் பக்கம் போவதா, சென்னைப் பக்கம் போவதா? இரண்டுக்கும் ஒரே நெடுஞ்சாலைதான், எதிரெதிர்ப் பக்கம் நிற்க வேண்டும், அவ்வளவே. இப்போது இன்னொன்றும் காதில் விழுகிறது: “பெங்களூர்ல கிறைஸ்ட்ல ஹானர்ஸ் இருக்காம்.”

ஹானர்ஸ் நமக்குப் புதிதில்லை. அந்தக் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்டர்மீடியட் முடித்தவர் சாதாரண பி.ஏ.வை இரண்டு ஆண்டில் முடிப்பார். ஹானர்ஸ் எடுத்தவர் ஒரே பாடத்தை மூன்று ஆண்டு தோண்டிப் படிப்பார்; பிறகு தனித் தேர்வு எழுதாமலே எம்.ஏ. பெறலாம். அந்த முறை போய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

இன்றைய ஹானர்ஸ் வேறு சரக்கு. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி அது நான்கு ஆண்டு, 160 கிரெடிட். மூன்றாம் ஆண்டோடு 120 கிரெடிட்டில் இளங்கலைப் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவருக்குத்தான் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சி. மற்றவர்களுக்கு அதற்குப் பதில் கூடுதல் பாடங்கள். ‘ஹானர்ஸ்’ வேறு, ‘ஆராய்ச்சியுடன் ஹானர்ஸ்’ வேறு. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

தமிழக அரசு நான்காண்டு முறைக்குப் போகவில்லை. வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும், பெண்களுக்கான காட்பாடி அக்ஸீலியத்திலும், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் வழக்கமான பி.ஏ., பி.எஸ்சி. மூன்றாண்டுதான். அதனால் இவை மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1898-இல் கல்லூரியான ஊரீஸில் படித்துவிட்டுத்தான், பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போய்த் தத்துவம் படித்தார். அந்தப் பாதை இன்றும் திறந்தே இருக்கிறது: வீட்டிலிருந்து போய்வந்து மூன்று ஆண்டு, பிறகு தாம்பரத்தில் எம்.ஏ. அங்கே விடுதியை ஹால் என்பார்கள். செலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று தனித்தனிப் பெயரும் மரபும் உண்டு. பாடத்துக்காக இல்லாவிட்டாலும் ஹால் வாழ்க்கைக்காகவே தாம்பரம் போகலாம் என்பேன். அது என் பலவீனம்.

இந்தக் கல்லூரிகளில் அரசு உதவி பெறும் எய்டட் பிரிவில் இடம் கிடைக்கிறதா, செல்ஃப் ஃபைனான்ஸில் கிடைக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் அங்கேதான்.

பெங்களூர் கதை கொஞ்சம் சிக்கல். கர்நாடக அரசு 2021-இல் நான்காண்டு முறையைக் கொண்டுவந்து 2024-இல் கைவிட்டது. கிறைஸ்ட் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் அதை அந்த முடிவு கட்டுப்படுத்தவில்லை; அங்கே ஹானர்ஸ் தொடர்கிறது. சொந்த நுழைவுத் தேர்வு உண்டு, கட்டணம் தனியார் கட்டணம். இன்னும் தூரம் போகலாம் என்றால் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி இருக்கிறது; 1881-இல் தொடங்கியது. ஹானர்ஸ் என்றதும் வடக்கே நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. அதற்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எழுதத் துணிந்த பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

இனி கணக்கு. இங்கே பி.ஏ. மூன்றும் எம்.ஏ. இரண்டும் ஐந்து. ஹானர்ஸ் நான்கும், யுஜிசி அனுமதிக்கும் ஓராண்டு முதுகலையும் ஐந்து. மிச்சம் ஒன்றுமில்லை. நான்காண்டு படித்துவிட்டு ஊர் திரும்பி இங்கே இரண்டாண்டு எம்.ஏ.வில் உட்கார்ந்தால் ஆறு. ஒரு வருடம் நஷ்டம். 75 சதவீதத்தோடு நேராக பி.எச்டி.க்குப் போகிறவருக்குத்தான் உண்மையில் ஒரு வருடம் லாபம்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கணக்குப் பிரிவுக்கோ ஏற்றுமதிப் பிரிவுக்கோ போக நினைப்பவருக்கு நான்காம் ஆண்டு வீண். டேலி தெரியுமா, ஜிஎஸ்டி தெரியுமா, ஷிப்பிங் பில் பார்த்திருக்கிறாயா என்றுதான் கேட்பார்கள். பி.காம். முடித்து வேலைக்குப் போகட்டும். டிஎன்பிஎஸ்சிக்கும் பட்டம் இருந்தால் போதும். உளவியல், பொருளாதாரம், ஆங்கிலம் என்று ஒன்றில் பைத்தியமாகி ஆராய்ச்சிக்கே போவேன் என்று நிற்கும் பிள்ளைக்கு மட்டும், வீட்டில் பணத்துக்கு வழியிருந்தால், பெங்களூரைச் சொல்வேன்.

அங்கே பணம் கட்டும் முன் அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள்: மூன்றாம் ஆண்டோடு நின்றால் சான்றிதழில் என்ன பெயர் போட்டுத் தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.