ஊசி மருத்துவர் கையில், முகாம் ஊர் கையில்



ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை உலக கால்நடை மருத்துவ நாள். உலக கால்நடை மருத்துவர் சங்கம் 2000-ஆம் ஆண்டு இதைத் தொடங்கியது. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தடுப்பு நாள். இந்த மாதிரி நாட்களை ஒட்டி மருத்துவர் சங்கங்களும் கால்நடைத் துறையும் ஊர்களில் முகாம் போடுவது வழக்கம். குரும்பாபேட்டில் 1994 முதல் நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

மருத்துவர்கள் தங்கள் ஓய்வு நாளைக் கொடுத்து வருவார்கள். பெட்டியில் மருந்து இருக்கும், மரத்தடியில் மாடு இருக்காது! இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. இந்த இடத்தில்தான் நம் தொண்டு தேவைப்படுகிறது.

இயற்கை உழவருக்கு ஏன் இது முக்கியம்?

மாடு படுத்தால் பால் மட்டுமா போகும்? ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், தொழு உரம் எல்லாம் நின்றுபோகும். கோமாரிப் புண்ணில் சீழ் பிடித்தால் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டி வரும். அதன்பின் பாலை இயற்கைப் பால் என்று விற்க, சட்டம் சொல்லும் காலத்தைப்போல இரண்டு மடங்கு நாள் காத்திருக்கச் சொல்கிறது தேசிய இயற்கை வேளாண் தர விதி. நோய் வர வாய்ப்புள்ள பகுதியில் தடுப்பூசி போடுவதற்கு அதே விதியில் தடையில்லை.

ஒருவர் மாட்டுக்கு மட்டும் ஊசி போட்டால் போதாது. ஊரில் நூற்றுக்கு எண்பது மாட்டுக்காவது போட்டால்தான் கோமாரி பரவுவது கட்டுப்படும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் எல்லைகள் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஏரிக்கரையில் மேயும் மாட்டுக்கு மாநில எல்லை தெரியாது, நோய்க்கும் தெரியாது. அதனால் முகாம் தேதியைப் பக்கத்துத் தமிழ்நாட்டு ஊருக்கும் சொல்லுங்கள். அவர்கள் தங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டு ஊசி போட்டுக்கொள்வார்கள்.

முகாமுக்கு முன்

வீடு வீடாகப் போய் மாடு, கன்று, ஆடு எத்தனை என்று எழுதுங்கள். காதில் 12 இலக்க எண் உள்ள தோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோமாரிக்கு, கன்றுக்கு நாலு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கருச்சிதைவு நோய்க்கு 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே தடவை. இதற்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

தேதியைச் சொல்ல நல்ல இடம் காலையில் பால் ஊற்றும் சங்கம். மாடு பார்ப்பது பெரும்பாலும் பெண்கள் என்பதால் அவர்களிடம் நேரில் சொல்லுங்கள்.

"ஊசி போட்டா பால் கொறைஞ்சிடும் தம்பி" என்று ஒரு ஆயா சொன்னால் வாதம் பண்ண வேண்டாம். "ஆமாம் ஆயா, ரெண்டு மூணு நாள் கொஞ்சம் கொறையலாம், அப்புறம் சரியாயிடும். கோமாரி வந்தா அந்தக் கறவையே போயிடுமே" என்று உள்ளதைச் சொல்லுங்கள். நிறைசினை மாடா, காய்ச்சல் உள்ள மாடா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போடலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முகாம் அன்று

நிழல், தண்ணீர், கட்டுத்தறி தயாராக இருக்கட்டும். வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். மாட்டைப் பிடிக்கப் பழகிய நாலு பேர் வேண்டும். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியை வெயிலில் வைக்காமல், அடிக்கடி திறக்காமல் பார்த்துக்கொள்வதும் தொண்டுதான். கோமாரி மருந்து உறைந்தாலும் கெட்டுப்போகும்.

செய்யக் கூடாதவை

ஊசியை நாம் கையில் எடுக்கக் கூடாது. 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரும், அவர் மேற்பார்வையில் அனுமதி பெற்ற பணியாளரும்தான் மருத்துவம் பார்க்கலாம். கருச்சிதைவு நோய்த் தடுப்பு மருந்தில் உயிருள்ள கிருமி உண்டு. அது கையில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ மனிதருக்கே நோய் வரும். காலிக் குப்பி, ஊசி எதையும் வயலிலோ குப்பையிலோ போடாமல் மருத்துவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

முகாமுக்குப் பின்

வராத வீடுகளின் பட்டியலை அன்று மாலையே எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு சுற்று போய் வீக்கம், காய்ச்சல் உண்டா என்று விசாரியுங்கள். அடுத்த தவணைத் தேதியைச் சங்கச் சுவரில் எழுதிப் போடுங்கள்.

நம்மிடமும் அவர்களுக்குக் கொடுக்கப் பாடம் இருக்கிறது. மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் வைத்தியத்தைத் தஞ்சைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்தினார். இன்று தேசிய பால்வள வாரியமும் அதைப் பரப்புகிறது. பாட்டி வைத்தியத்தை மருத்துவர்கள் காது கொடுத்துக் கேட்டதால் நடந்தது இது. ஆனால் கோமாரியைத் தடுக்க மூலிகை போதாது, தடுப்பூசி வேண்டும்.

ஊருக்கு ஐந்து பேர் போதும். பெயரைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துவிட்டு, "அடுத்த முகாம் எப்போங்க ஐயா?" என்று கேளுங்கள். மீதி வேலை தானாகத் தொடங்கும்.