தோட்டப் பாதைக்கு யாரிடம் கேட்பது?

கேள்வி: ஐயா, நாங்கள் கலஹாவுக்கு மேலே ஓர் அரச தோட்டத்தில் இருக்கிறோம். லயத்துக்கு வரும் பாதை உடைந்துபோய், பிரசவ வலி கண்ட பிள்ளையைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது. பிரதேச சபையில் கேட்டால் ‘தோட்டக் காணி’ என்கிறார்கள். துரையிடம் போனால் பணம் இல்லை என்கிறார். மலையகத்துக்கென்று ஓர் அதிகாரசபை இருக்கிறதாமே? அதையும் மூடப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். அரசாங்கம் அதற்குப் பணம் கொடுக்கிறதா? நாங்கள் நேரே கேட்கலாமா?

ஒரு வாசகி, கலஹா

பதில்: கேட்கலாம் சகோதரி, கேட்கத்தான் வேண்டும். நீங்கள் சொல்வது பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை. பழனி திகாம்பரம் அமைச்சராக இருந்த காலத்தில், 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதே ஆண்டில்தான் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டது. 1987ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டியே, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் கைவிரித்தார்கள். சபைத் தேர்தலில் உங்கள் வாக்கு செல்லும், உங்கள் பாதை மட்டும் சபைக்குச் சொந்தமில்லை என்ற அநியாயம் அது. அந்தத் தடை நீங்கிவிட்டது. இன்றைக்கும் ‘தோட்டக் காணி’ என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பினால், அந்தப் பதிலை எழுத்தில் தரச்சொல்லுங்கள்.

மூடுவது பற்றி: பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பாராளுமன்றம்தான் நீக்கலாம், அமைச்சின் கடிதத்தால் முடியாது. என் கவலை வேறு. சட்டத்தில் கை வைக்காமலே ஓர் அதிகாரசபையைப் பட்டினி போடலாம். வருடாந்த மதிப்பீட்டு நூலில் மீண்டெழும் செலவினம், மூலதனச் செலவினம் என்று இரண்டு இருக்கும். சம்பளம், வாகனம், கட்டட வாடகையெல்லாம் முதலாவதில் போய்விடும். உங்கள் பாதைக்கு வேண்டிய கல்லும் சீமெந்தும் இரண்டாவதில்தான் வர வேண்டும். அதிலும் ஒதுக்கிய தொகை ஒன்று, திறைசேரி உண்மையில் விடுவித்த தொகை இன்னொன்று. மேடையில் கேட்பது முதல் தொகை. இரண்டாவதைக் கேட்கப் பழக வேண்டும் நாம்.

நம் கண்டி மாவட்டத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் தோட்ட மக்கள் திரண்டு வாழ்கிறார்கள். அங்கே இருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் 2017இல் ஆறாகப் பிரிக்கப்பட்டன, குரல் எடுபட்டது. இங்கே ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, பன்வில என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறோம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட லூல்கந்துர இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தத் தேயிலையால் நாடு பிழைத்தது. அதைப் பறித்தவர்களின் பேத்திமார் கதிரையில் தூக்கப்பட்டு இறங்குவதை என்னால் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் உங்கள் தோட்டம் அரச தோட்டம் என்பதில் ஒரு வசதி இருக்கிறது. 1992க்குப் பிறகு பெரும்பாலான தோட்டங்கள் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குப் போயின. அந்தக் குத்தகை 53 வருடம். கண்டி, மாத்தளைப் பக்கம் பல தோட்டங்கள் அரச நிறுவனங்களான ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றிடமே தங்கிவிட்டன. ஊழியர் சேமலாப நிதியையே நிலுவை வைத்த நிறுவனங்கள் அவை. துரை சொல்லும் ‘பணம் இல்லை’ உண்மையாகவே இருக்கலாம். என்றாலும் காணியும் அரசாங்கத்தினுடையது, பணம் தர வேண்டியதும் அரசாங்கம். நடுவில் கம்பெனி கிடையாது. இந்த வாதத்தை மனுவில் முதல் வரியாகவே எழுதுங்கள்.

மனுவை அதிகாரசபைக்கும், அது எந்த அமைச்சின் கீழ் வருகிறதோ அந்த அமைச்சுக்கும், பிரதேச சபைக்கும், பிரதேச செயலாளருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாதையின் நீளம், பாவிக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் மூன்றும் இருக்கட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் கொண்டுவந்த மண்சரிவை நீங்களே கண்டிருப்பீர்கள். ஆகையால் உங்கள் பாதை போகும் சரிவு பாதுகாப்பானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சரியப்போகிற மேட்டில் போடும் கொங்கிரீட் அடுத்த மழைக்கே போய்விடும்.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளில் கண்டி மாவட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு விடுவித்தீர்கள், எந்தத் தோட்டத்தில் செலவழித்தீர்கள் என்று அதிகாரசபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாத பெரியவர்கள் நேரே போய் வாயால் சொன்னால் போதும், அதை எழுதிக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.