செய்தி சேர்ந்தால் போதாது, அழியவும் வேண்டும்

நம் நரம்பு செல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே, ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறாக்கினால் ஒரு கூறு அளவுக்கு இடைவெளி உண்டு. இதற்கு 'சினாப்ஸ்' என்று பெயர். செல்லுக்குள் மின்துடிப்பாக ஓடிவரும் செய்தி இதை எப்படிக் கடக்கிறது?

1921-இல் ஆட்டோ லோவி இரு தவளை இதயங்களைக் கொண்டு விடை கண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு தளர்ந்தது. அதிலிருந்த உப்புக் கரைசலை எடுத்து மற்ற இதயத்தில் விட, அதுவும் தளர்ந்தது. நரம்பு சுரந்த ரசாயனமே தூது சென்றது! அது அசிடைல்கோலின் என்பது பின்னர் தெளிவாயிற்று. 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் தசைகளை இயக்குவதும் அதே ரசாயனம்தான். ரயில் கடந்ததும் கைகாட்டி 'நில்' நிலைக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? அதுபோல, செய்தி சேர்ந்ததும் ஒரு நொதி அசிடைல்கோலினைச் சிதைத்துவிடுகிறது. மாலத்தியான் போன்ற பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. எச்சில் பெருகும்; கண்மணி சுருங்கும்; இறுதியில் மூச்சே நின்றுவிடலாம்.

ஆகவே, செடிக்குத் தெளிக்கும் மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால், அந்த மருந்தின் டப்பாவோடு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். அட்ரோபின் ஊசி அங்கேதான் கிடைக்கும்.