நூற்கடையின் கணக்கேடு

வணிகம் பொருளால் மட்டும் நடைபெறுவதன்று, நம்பிக்கையாலும் நடைபெறுவது. ஒருவனுக்குற்ற நோய் இன்னதென்பதை மருந்து விற்போன் அறிவான். அவன் பட்ட கடன் இவ்வளவு என்பதை வங்கியின் கணக்கர் அறிவார். அவன் உள்ளம் எதை நாடுகிறது என்பதை நூல் விற்போன் அறிவான். பொருளைக் கொடுத்து விலையைப் பெறும்பொழுதே, வணிகன் பிறர் வாழ்வின் ஒரு பகுதியையும் அறிந்துகொள்கிறான். அங்ஙனம் அறிந்ததை வெளியிடாது காத்தல் அவன் கடமையாகும். குற்றங்களைக் கண்டறிந்து மக்களைக் காத்தலோ காவல் துறையினரின் கடமை. இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதுமாயின் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடை கண்ட வழக்கு ஒன்று அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது.

கொலராடோ மாநிலத்தின் தலைநகர் டென்வர். அந்நகரில் 'டாட்டர்டு கவர்' என்னும் நூற்கடை புகழ்பெற்று விளங்கியது. ஜாய்ஸ் மெஸ்கிஸ் என்னும் அம்மையார் அக்கடையை 1974ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கினார். அப்பொழுது அது மிகச் சிறியது. அவருடைய உழைப்பினாலும் நேர்மையினாலும் நாட்டின் பெரிய நூற்கடைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது.

2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், டென்வருக்கு அண்மையிலுள்ள ஆடம்ஸ் மாவட்டத்தில் ஒரு வீட்டைக் காவலர் சோதனையிட்டனர். ஆங்கு ஒரு படுக்கையறையில் மெத்தம்பெட்டமைன் என்னும் கொடிய போதைப் பொருளைக் காய்ச்சுவதற்குரிய கருவிகள் இருந்தன. அதனைச் செய்யும் முறையை விளக்கும் நூல்கள் இரண்டும் கிடைத்தன. வெளியே கிடந்த குப்பையில், டாட்டர்டு கவர் கடையிலிருந்து அஞ்சலில் வந்த வெற்றுறை ஒன்று அகப்பட்டது. அவ்வீட்டில் வாழ்ந்தவருள் ஒருவர் பெயரும், விற்பனைச் சீட்டின் எண்ணும் அதன்மேல் காணப்பட்டன. அவ்வீட்டில் பலர் வாழ்ந்தமையால், அப்படுக்கையறை எவருடையது என்பது ஐயமாக இருந்தது. அவ்வுறையில் வந்தவை அவ்விரு நூல்களே என்று மெய்ப்பிக்கக் கூடுமாயின், குற்றவாளி இன்னார் என்பது துணியப்படும் என்று காவலர் எண்ணினர்.

ஆகவே, அந்த வாடிக்கையாளர் வாங்கிய நூல்களின் விவரங்களைத் தருமாறு கடைக்கு ஓர் ஆணை வந்தது. அது நீதிபதி ஒருவரால் பிறப்பிக்கப்பட்டதன்று. மெஸ்கிஸ் அம்மையார் தம் வழக்கறிஞர் வாயிலாக அதற்கு இணங்க மறுத்தார். பின்னர்க் காவலர் டென்வர் நீதிபதி ஒருவரிடம் சோதனை ஆணை பெற்று, ஏப்ரல் 5ஆம் நாள் கடைக்கே வந்தனர். குறிப்பிட்ட விற்பனைச் சீட்டின் விவரத்தோடு, முப்பது நாள் அளவில் அவ்வாடிக்கையாளர் வாங்கிய நூல்கள் அனைத்தின் பட்டியலையும் அவர்கள் வேண்டினர். அம்மையார் அவர்களை எதிர்த்துப் பூசலிடவில்லை, கணக்கேட்டை ஒளிக்கவுமில்லை. வழக்கறிஞரோடு கலந்து பேசச் சிறிது காலம் வேண்டினார். அது கிடைத்ததும் நீதிமன்றத்தை நாடினார்.

'போதைப் பொருள் செய்வோருக்கு இவர் துணை நிற்கலாமா?' என்று சிலர் வினவக்கூடும். அம்மையார் காத்தது குற்றவாளியை அன்று. கடைக்கு வரும் எல்லாருடைய உரிமையையுமே அவர் காத்தார். நோயுற்றவன் தன் நோயைப் பற்றிய நூலை வாங்குகிறான். ஒரு சமயத்தைச் சார்ந்தவன் பிறிதொரு சமயத்தை அறிய விரும்புகிறான். குற்றங்களை ஆராய்ந்து கதை எழுதுவோன் நஞ்சைப் பற்றிய நூலைத் தேடுகிறான். தாம் வாங்கும் நூலின் பெயர் நாளை காவல் நிலையத்தில் படிக்கப்படும் என்று அஞ்சினால், இவருள் எவரும் கடை வாயிலை மிதிக்கமாட்டார். வெளிப்படையான தடை எதுவும் இன்றியே கல்வி தடைப்பட்டுப்போகும்.

கீழ் நீதிமன்றம், முப்பது நாட்பட்டியலைத் தரவேண்டுவதில்லை என்றும், அந்த ஒரு விற்பனைச் சீட்டின் விவரத்தை மட்டும் தரவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அம்மையார் அவ்வளவில் அமையாது மேல்முறையீடு செய்தார். கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, அவர் பக்கம் தீர்ப்புக் கூறியது. பிறர் அறியாவண்ணம் நூல்களை வாங்கிப் படிக்கும் உரிமையை அம்மாநிலத்தின் அரசியலமைப்புக் காக்கிறது என்று அத்தீர்ப்பு உரைத்தது. எனினும், வணிகர் எக்காலத்தும் விவரம் தரவேண்டுவதில்லை என்று அது கூறவில்லை. ஆணையை நிறைவேற்றுமுன் இரு தரப்பாரையும் நீதிமன்றம் கேட்டல் வேண்டும். அவ்விவரம் தமக்கு இன்றியமையாதது என்பதைக் காவலர் நிறுவுதல் வேண்டும். வேறு தக்க வழி உண்டா என்பதும், கேட்கப்படுவது அளவு கடந்ததா என்பதும் ஆராயப்படுதல் வேண்டும் என்று அது வரையறுத்தது. அப்படுக்கையறையில் வாழ்ந்தவரை அறிதற்குக் காவலருக்குப் பிற வழிகளும் இருந்தமையால், அவர்தம் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

வழக்கு முடிந்தபின் அவ்வுறையில் வந்த நூல் எது என்பது வெளிப்பட்டது. போதைப் பொருளுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது ஜப்பானிய எழுத்துகளைப் பற்றிய நூல்! குற்றத்திற்குச் சான்றாகும் என்று இரண்டாண்டுகள் வழக்காடப்பட்டது, ஒருவர் அயல்மொழி எழுத்தை அறிய வாங்கிய நூலே. ஆயினும், உறையில் வேறு நூல் இருந்திருப்பினும் அத்தீர்ப்பின் நியாயம் குறைவுபடாது. நன்மக்களுக்கு மட்டும் உரியது என்று வரையறுக்கப்படும் உரிமை, எவருக்கும் உரிமையாக நில்லாது.

இக்காலத்தில் கணக்கேடுகள் தாளில் மட்டும் இருப்பன அல்ல. தொலைபேசி, வங்கி, கடை, ஊர்தி ஆகிய ஒவ்வொன்றும் மனிதன் சென்ற இடத்தையும் செய்த செலவையும் குறித்து வைக்கின்றன. ஆதலின், அக்குறிப்புகளைக் காப்போரின் பொறுப்பும் பெருகியுள்ளது. கேட்டவுடன் அஞ்சிக் கொடுத்தலும் தவறு. முறையான ஆணை வந்தபின் மறைத்தலும் தவறு. 'இதனைக் கேட்க உமக்கு உரிமை தந்த ஆணை யாது?' என்று பணிவோடு வினவுதல் குடிமகனின் உரிமை. அவ்வினாவுக்கு விடை தருதல் அரசின் கடமை. இரண்டும் நிலைபெறும் நாட்டில் காவலும் சிறக்கும். மக்களின் நம்பிக்கையும் வளரும்.