பிரேக் பேட் எச்சரிக்கை விளக்கு: ரீசெட் செய்வது எப்படி?

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? முழுதாகப் படிக்காமலேயே ஓகே பட்டனைக் கிளிக் செய்து மூடி விடுகிறோம். சாப்ட்வேர் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நானும் இதற்கு விதிவிலக்கல்ல. இந்தப் பழக்கத்தை ஒரு முறை என் காரிலும் காட்டினேன். அதன் விளைவை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு பிரேக் விளக்கை முறையாக அணைப்பது எப்படி என்று பார்ப்போம்.

நடந்தது என்ன?

என் வீடு ஓசூரில், அலுவலகம் எலக்ட்ரானிக் சிட்டியில். அத்திப்பள்ளி எல்லை வழியாக தினமும் நின்று நின்று போகும் பயணம். கார், செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிறிய வண்டி. ஒரு நாள் டேஷ் போர்டில், வட்டத்திற்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கித்தான் இருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தது. ஒரு பாட்டில் வாங்கி மேக்ஸிமம் கோடு வரை ஊற்றினேன். விளக்கு அணைந்தது. நானும் அதை மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை அழைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டேன். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் முன்னால் போன லாரி வேகம் குறைந்தது. பிரேக்கை மிதித்தேன். இரும்போடு இரும்பு உரசும் சத்தம். கார் நின்றது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்தான் மிச்சம் இருந்தது.

அதற்கு மேல் ஓட்டவில்லை. ரெக்கவரி வேனை வரவழைத்து ஓசூர் திரும்பினோம். பாகலூர் ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், பானெட்டைத் திறந்து டப்பாவைப் பார்த்தார், முன் வீலைக் கழற்றினார், பிறகு கேட்டார்: "யாரு தம்பி பிரேக் ஆயில் ஊத்துனது?"

ஆயில் ஏன் குறைந்தது?

டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். பிஸ்டனுக்குப் பின்னால் உண்டாகும் இடத்தை பிரேக் ஆயில் நிரப்பும். எனவே எங்கும் கசிவு இல்லாமலேயே டப்பாவில் ஆயில் குறையும். டப்பாவில் உள்ள மிதவை சுவிட்ச் இதைக் கண்டு விளக்கை எரிய வைக்கும். நான் ஆயிலை ஊற்றியதும் மிதவை மேலே வந்தது, விளக்கு அணைந்தது, பேட் மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தது. இடையில் பிரேக் போடும்போது கீச் என்ற சத்தம் கேட்டதுண்டு. பல பேட்களில் இருக்கும் சிறு தகடு, பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசி எழுப்பும் எச்சரிக்கை அது. நான் எப்எம் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

பேட்களோடு, கோடு விழுந்த டிஸ்க்குகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் மெக்கானிக், டப்பாவிலிருந்து ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார். இல்லாவிட்டால் நான் ஊற்றிய ஆயில் பொங்கி வழிந்து பெயின்ட்டை அரித்திருக்கும்.

உங்கள் காரில் எந்த விளக்கு?

ரீசெட் செய்யும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1. வட்டத்திற்குள் ஆச்சரியக்குறி, சிவப்பு நிறம்: ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, அல்லது ஆயில் குறைந்திருக்கிறது, அல்லது பிரேக் அமைப்பில் கோளாறு. இதற்கு ரீசெட் பட்டன் கிடையாது. காரணம் நீங்கினால் தானே அணையும்.

2. வட்டத்தின் இரு பக்கமும் விட்டு விட்டுப் போட்ட வளைகோடுகள், பெரும்பாலும் மஞ்சள் நிறம்: இதுதான் உண்மையான பேட் தேய்மான விளக்கு. பேட்டில் சென்சார் உள்ள கார்களில் மட்டுமே இருக்கும். நம் ஊர் சிறிய கார்கள் பலவற்றில் இது இல்லை.

3. ஏபிஎஸ் என்ற எழுத்து விளக்கு: இதற்கும் பேட் தேய்மானத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

சென்சார் வேலை செய்யும் விதம்

இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. பேட்டுக்குள் ஒரு மெல்லிய ஒயர் பதிக்கப்பட்டிருக்கும். பேட் குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் டிஸ்க் அந்த ஒயரை உரசி அறுத்துவிடும். சர்க்யூட் துண்டிக்கப்பட்டதும் விளக்கு எரியும். அறுந்த சென்சார் மறுபடி உதவாது. பேட் மாற்றும்போது அதையும் மாற்ற வேண்டும்.

ரீசெட் செய்யும் முறை

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி கார்கள் பலவற்றில், ஒயருடன் கூடிய புதிய பேட்டைப் பொருத்தி கனெக்டரைச் செருகினால் விளக்கு தானாக அணைந்துவிடும்.

பிஎம்டபிள்யூ கார்களில் கதை வேறு. அங்கே சென்சார் இரண்டு கட்டமாகத் தேய்மானத்தைச் சொல்லும். மீதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டு வைத்திருக்கும். புதிய பேட் போட்டதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். மாடலுக்கு மாடல் சிறு மாற்றம் இருக்கும், பொதுவான வழி இது:

1. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்திடவும்.
2. மீட்டர் அருகில் உள்ள ட்ரிப் ரீசெட் பட்டனை சுமார் 10 விநாடிகள் அழுத்திப் பிடிக்கவும். சர்வீஸ் மெனு கிடைக்கும்.
3. பட்டனை ஒவ்வொரு முறையாகத் தட்டி பிரேக் படத்திற்கு வரவும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் தனித்தனியாக இருக்கும்.
4. பட்டனை அழுத்திப் பிடித்தால் ரீசெட் செய்யவா என்று கேட்கும். விட்டுவிட்டு மீண்டும் அழுத்திப் பிடித்தால் ரீசெட் ஆகிவிடும்.

அறுந்த பழைய சென்சாரையே விட்டு வைத்திருந்தால் கம்ப்யூட்டர் ரீசெட் செய்ய மறுத்துவிடும். சிலர் சென்சார் ஒயர்கள் இரண்டையும் முறுக்கி இணைத்து விளக்கை அணைப்பதுண்டு. நான் ஆயில் ஊற்றியதும் இதுவும் ஒன்றுதான். தயவு செய்து வேண்டாம்.

மொபைல் மூலம் முடியாதா?

கம்ப்யூட்டர் ஆர்வம் உள்ளவர்களுக்கு வரும் அடுத்த கேள்வி இது. ஸ்டியரிங்கிற்குக் கீழே உள்ள 16 பின் ஓபிடி சாக்கெட்டில், ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டரைச் செருகி மொபைலில் பார்க்கலாம். ஆனால் பொதுவான ஆப்கள் பெரும்பாலும் இன்ஜின், புகை சம்பந்தமான கோடுகளையே படிக்கும். பிரேக் பகுதிக்குள் செல்ல, அந்தந்தக் கம்பெனிக்குரிய சாப்ட்வேர் தேவை. மிதவை சுவிட்ச் விளக்கை ஆப் மூலம் அணைக்கவே முடியாது.

பட்டனால் இயங்கும் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் பின் பேட் மாற்றும் முன், அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டு வர வேண்டும். அப்படிச் செய்யாமல் பிஸ்டனைப் பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் கெட்டுவிடும்.

கவனிக்க வேண்டியவை

* ஆயில் குறைந்தால், ஊற்றும் முன் பேட்டையும் கசிவையும் பார்க்கச் சொல்லவும். பேட் கனம் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.
* பேட் தேயாமல் ஆயில் மட்டும் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். வண்டியை எடுக்க வேண்டாம்.
* டப்பா மூடியில் குறிப்பிட்டுள்ள டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலையே பயன்படுத்தவும். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுவிடும்.
* பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் அது 140 வரை இறங்கலாம். நீண்ட இறக்கங்களில் இது ஆபத்து. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவும்.
* பேட்களை இரு பக்கமும் ஜோடியாகவே மாற்றவும். மாற்றியதும், வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடல் கெட்டியாகும் வரை பல முறை மிதிக்கவும். இதை மறந்தால் முதல் பிரேக் பிடிக்காது.

இப்போது அலுவலகத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தாலும் அதை மூடும் முன் ஒரு முறை முழுதாகப் படிக்கிறேன். காரில் விளக்கு எரிந்தால், ரீசெட் பட்டனைத் தேடும் முன் வீலைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.