நமது இணையதளம் நமது கையில்: கடைக்காரரே திருத்திக்கொள்ளும் தளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



நமது கடை வாசலில் இரண்டு விதமான பலகைகள் உண்டு. ஒன்று பெயர்ப்பலகை. பெயிண்டரை அழைத்து எழுதி மாட்டிவிட்டால் பத்து ஆண்டுகள் அப்படியே இருக்கும். மற்றொன்று கரும்பலகை. அன்றைய மிளகு, ஏலக்காய், இஞ்சி, அரிசி விலையை நாமே சாக்பீசால் எழுதி, மறுநாள் நாமே அழித்து மாற்றுகிறோம். இணையதளம் அமைக்க விரும்பும் வியாபாரி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நமக்குக் கிடைக்கப் போவது பெயிண்டர் எழுதும் பலகையா, நாமே எழுதும் பலகையா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் நாங்கள் பட்ட அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கூடலூர் வழியாக ஊட்டிக்கும் மைசூருக்கும் செல்லும் பயணிகள் நமது கடைகளில் தேயிலைத்தூள், மிளகு, ஏலக்காய் வாங்கிச் செல்வது வழக்கம். ஊருக்குப் போன பிறகு, "அதே சரக்கைக் கூரியரில் அனுப்புவீர்களா?" என்று போனில் கேட்பார்கள். அவர்களுக்காக 2018-ஆம் ஆண்டில் ஓர் இணையதளம் அமைத்தோம். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு விலையை மாற்றுவதானாலும் அமைத்துக் கொடுத்தவரிடம்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. வேலை முடிய ஒரு வாரம் ஆகும். நாளடைவில் அவரிடம் சொல்வதையே விட்டுவிட்டோம்.

2018 ஆகஸ்டு கேரள வெள்ளத்தில் இடுக்கியின் ஏலக்காய்த் தோட்டங்கள் பெரும் சேதம் அடைந்தன. அடுத்த ஆண்டு ஏலக்காய் விலை மளமளவென்று ஏறி, 2019 ஆகஸ்டு மாதம் புற்றடி ஏல மையத்தில் உயர்ந்தபட்சமாகக் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த ஏற்றத்தின்போது எங்கள் தளத்தில் மட்டும் பழைய விலையான 1,600 ரூபாயே நின்றுகொண்டிருந்தது. சேலத்து வாடிக்கையாளர் ஒருவர் நான்கு கிலோவுக்கு அந்த விலைப்படி பணம் அனுப்பிவிட்டார். எங்கள் கொள்முதலே அப்போது அதைப்போல் இரண்டு பங்குக்கு மேல். எழுதி வைத்த விலை எழுதி வைத்த விலைதான் என்று சரக்கை அனுப்பினோம். நட்டம் ஆறாயிரத்துக்கும் மேல்.

அதன்பின் வேறு ஒருவரிடம் தளத்தை மாற்றப் போனபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. தளத்தின் பெயரையே, அதாவது டொமைன் பெயரையே, முதலில் அமைத்தவர் தம் பெயரில் பதிவு செய்திருந்தார். பில் புத்தகத்திலும் பைகளிலும் அச்சடித்த அந்தப் பெயரை நாங்கள் இழந்தோம். பண நட்டத்தைவிட அதுவே பெரிய நட்டம்.

நாமே திருத்தும் தளம் என்றால் என்ன?

தளத்தின் அமைப்பையும் அதில் உள்ள செய்திகளையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் சாதனங்கள் இன்று உள்ளன. இவற்றை உள்ளடக்க மேலாண்மைச் சாதனங்கள் என்கிறார்கள். அமைப்பைத் தொழில் தெரிந்தவர் ஒருமுறை செய்து கொடுப்பார். அதன்பின் நாம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே சென்று, விலைக்கான கட்டத்தில் புதிய விலையை அடித்துச் சேமித்தால் போதும். கம்ப்யூட்டர் மொழி எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இவற்றில் பெயர் பெற்றது வேர்டுபிரஸ். 2003 மே மாதம் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வெளியிட்டார்கள். இன்று உலகில் உள்ள இணையதளங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு இதில்தான் இயங்குகின்றன. 2001-இல் வந்த துருபல், 2005-இல் வந்த ஜூம்லா ஆகியவையும் இதே வகைதான் என்றாலும், சிறு கடைக்கு அவை தேவைக்கு மிஞ்சியவை.

நமக்கு எது பொருந்தும்?

எல்லாருக்கும் இணையதளம் தேவை என்று நாங்கள் சொல்லமாட்டோம். கடைகளின் தேவையை மூன்று நிலைகளாகப் பிரிக்கலாம்.

முதல் நிலை, சுற்றுவட்டார வியாபாரம் மட்டும் உள்ள கடை. தேவாலா, பந்தலூர், மசினகுடி வாடிக்கையாளருக்கு விலை தெரிந்தால் போதும் என்றால், 2018-இல் நம் நாட்டுக்கு வந்த வாட்ஸ்அப் பிசினஸ் போதுமானது. அதன் கேட்டலாக்கில் 500 பொருட்கள் வரை படத்துடனும் விலையுடனும் வைக்கலாம். கூகுள் வரைபடத்தில் கடையின் இடம், நேரம், போன் எண் ஆகியவற்றை இலவசமாகப் பதிந்து வைக்கலாம்.

இரண்டாம் நிலை, வாடகைக் கடை போன்றது. ஷாப்பிஃபை, விக்ஸ், நம் தமிழ்நாட்டின் ஜோஹோ போன்ற நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டரிலேயே தளத்துக்கு இடம் கொடுத்து, திருத்தும் வசதியும் செய்து தருகின்றன. பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. நாம் மாத அல்லது ஆண்டு வாடகை கட்ட வேண்டும். கட்டணம் டாலரிலா ரூபாயிலா, ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் தரகு பிடிப்பார்களா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்வது அவசியம். பணத்தை இணையத்தில் வசூலித்துத் தரும் நிறுவனம் பிடிக்கும் சதவீதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் நிலை, சொந்தக் கட்டடம் போன்றது. வேர்டுபிரஸ், அதனுடன் விற்பனைக்காகச் சேர்க்கும் வூகாமர்ஸ் இரண்டும் இலவசம். ஆனால் டொமைன் பெயருக்கும், தளம் இருக்கும் இடத்துக்கும், அதாவது ஹோஸ்டிங்குக்கும், ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். பூட்டு, கூரை பழுது எல்லாம் நம் பொறுப்பு. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மாற்றாமல் விட்டால் திருடர்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள். குறிப்பாக, ப்ளக்இன் எனப்படும் துணைக் கருவிகளைக் கண்டபடி சேர்த்துவிட்டுக் கவனியாமல் விட்ட தளங்களே அதிகம் சிக்குகின்றன. மாதம் ஒருமுறையாவது பார்க்க ஓர் ஆள் இல்லாதவர் இந்த நிலைக்குப் போகாதிருப்பதே நல்லது.

பேசுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்

தளம் அமைப்பவரிடம் போகுமுன் ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். தினம் மாறுவது: விலை, இருப்பு, சரக்கு வரவு. எப்போதாவது மாறுவது: கடை நேரம், விடுமுறை, கூரியர் கட்டணம், வரி. மாறாதது: கடைப் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், உணவுப் பாதுகாப்பு உரிம எண். முதல் இரண்டு பத்திகளில் உள்ள அனைத்தையும் நமது ஆளே மாற்ற முடிய வேண்டும். மூன்றாவதில் யாரும் தவறுதலாகக் கை வைக்க முடியக்கூடாது. சாதனத்தின் பெயர் எதுவானாலும் இந்தத் தாள்தான் நமக்கு அளவுகோல்.

நமது மலைப்பகுதியில் இதற்கான தேவை அதிகம். பந்திப்பூர் வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சரக்கு லாரி போக முடியாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ஊட்டிப் பாதையிலும் போக்குவரத்து தடைபடும். "இந்த வாரம் கூரியர் இரண்டு நாள் தாமதம்" என்ற ஒரு வரியை அன்றே போட முடிந்தால் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். அடுத்த வாரம் போட்டுப் பயன் இல்லை.

வரி மாற்றமும் அப்படித்தான். ஜி.எஸ்.டி. கவுன்சில் 2025 செப்டம்பர் 3 அன்று முடிவெடுத்து, 22-ஆம் தேதி முதல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு 18 சதவீதமாக இருந்த வரியை 5 ஆகவும், நெய், வெண்ணெய்க்கு 12 சதவீதமாக இருந்ததை 5 ஆகவும் குறைத்தது. நமக்குக் கிடைத்த அவகாசம் 19 நாட்கள். அமைத்துத் தந்தவரின் கையையே எதிர்பார்த்திருந்த கடைக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

வாங்குமுன் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

1. கல்லாவில் உட்காரும் நமது ஆளை, அவருடைய சொந்த செல்போனிலேயே, ஒரு பொருளின் விலையை மாற்றச் சொல்லுங்கள். தளம் அமைப்பவர் பக்கத்தில் இருக்கட்டும், கை மட்டும் கொடுக்கக்கூடாது. ஐந்து நிமிடத்தில் முடியவில்லை என்றால் அந்தச் சாதனம் நமக்கு ஆகாது. நாம் மாற்றினால் போதாது. சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் மாற்றப் போவது அவர்தான்.

2. தமிழில் அடித்துப் பாருங்கள். அச்சகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துத் தந்ததை அப்படியே தளத்தில் ஒட்டினால் புரியாத எழுத்துக்களாக வரும். யூனிகோடு தமிழில் அடித்தால் எந்த போனிலும் சரியாகத் தெரியும். நமது ஊருக்கு மலையாளமும் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

3. ஆளுக்கேற்ற அனுமதி உண்டா என்று பாருங்கள். வேர்டுபிரஸில் நிர்வாகி, பதிப்பாசிரியர் என்று படிப்படியாக அனுமதி கொடுக்கலாம். வூகாமர்ஸில் கடை மேலாளர் என்று தனி அனுமதியே உண்டு. நிர்வாகி அனுமதியை முதலாளி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 600 ரூபாய்க்குப் பதில் 60 என்று அடித்துவிடுவது யாருக்கும் நேரும். எனவே மாற்றிய விலையை மற்றொருவர் ஒருமுறை பார்ப்பது என்று வழக்கப்படுத்துங்கள்.

4. சரக்கை வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பொருள், விலை, வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றையும் எக்செல் தாள்போல் இறக்கிக்கொள்ளும் வசதி வேண்டும். மாதம் ஒருமுறை அதை இறக்கிக் கடைக் கம்ப்யூட்டரிலும் பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். டொமைன் பெயர் நமது பெயரில், நமது மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். ஓ.டி.பி. நமது போனுக்கு வர வேண்டும். ஹோஸ்டிங் ரசீது நமது பெயரில் இருக்க வேண்டும். இவற்றைப் பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது சோதனையை அலட்சியம் செய்ய வேண்டாம். இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ள உலகமே பயன்படுத்திய ஜியோசிட்டீஸை, அதை வாங்கிய யாஹூ நிறுவனம் 2009-இல் மூடியது. சிறு கடைகளுக்கு கூகுள் கொடுத்திருந்த இலவசத் தள வசதியும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. பெரிய நிறுவனம் என்பதால் என்றும் இருக்கும் என்று எண்ணக்கூடாது. சொந்த டொமைன் பெயரும் இறக்கிவைத்த பட்டியலும் உள்ளவர் வேறு இடத்தில் கடை விரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். தளத்தில் நேரடியாக விற்பனை செய்பவர், 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, நிறுவனப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்க்கும் அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம்.

எங்கள் இரண்டாவது தளம் அழகில் முதல் தளத்துக்குக் குறைவுதான். ஆனால் தினம் காலை கடை திறந்ததும், வாசலில் கரும்பலகையில் விலை எழுதும் அதே பையன், அடுத்த ஐந்து நிமிடத்தில் போனிலும் அதே விலையை எழுதிவிடுகிறான். மாலையில் நாங்கள் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறோம். இரண்டு விலையும் ஒன்றாக இருப்பதே எங்களுக்கு நிம்மதி.