பழைய பேட்டரியை முழுசாகக் கொடுங்கள். ஆசிட்டைக் கொட்ட விடாதீர்கள்

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் உள்ள பெருநகர் போன்ற ஊர்களில், பேட்டரி இல்லாத வீடு இன்று குறைவு. பைக், டிராக்டர், ஷேர் ஆட்டோ, இன்வெர்ட்டர், கடையில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசு என்று எல்லாவற்றிலும் ஒரு பேட்டரி உண்டு. மூன்று, நான்கு வருஷம் உழைத்த பிறகு அது திண்ணை ஓரத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ போய் உட்கார்ந்துவிடும். பிறகு ஒருநாள், “பழைய பேட்டரி இருந்தா குடுங்கண்ணே” என்று வாசலில் ஒரு குரல் கேட்கும். அப்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம்.

உள்ளே என்ன இருக்கு?

நாம் பார்க்கும் இந்தப் பேட்டரிகளில் பெரும்பாலானவை காரீய அமில வகை. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே 1859-இல் கண்டுபிடித்த வகை இது. வெளியே பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே காரீயத் தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும். 150 ஆம்பியர் ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றின் எடை சுமார் 50 முதல் 60 கிலோ. அதில் ஏறத்தாழ பாதி காரீயம். ஆசிட் மட்டும் பத்து லிட்டருக்கு மேல் இருக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். “ஈயச் சொம்புல ரசம் வைக்கிறோமே, அதுவும் ஈயம்தானே?” பெயர் ஒன்றுபோல இருந்தாலும் பொருள் வேறு. ரசத்துக்கு உரிய பாத்திரம் வெள்ளீயத்தில் செய்தது. பேட்டரியில் இருப்பது காரீயம்; அது நஞ்சு. பழைய பேட்டரியிலிருந்து எடுத்த உலோகம் சமையல் பாத்திரத்தின் பக்கமே வரக்கூடாது.

ஆசிட்டைக் கொட்டினால் என்ன ஆகும்?

சில இடங்களில், “ஆசிட்டைக் கொட்டிட்டுத்தான் எடை போடுவோம்” என்பார்கள். தண்ணீர் மாதிரிதானே இருக்கு என்று நாமும் வாய்க்கால் ஓரமாகக் கவிழ்த்துவிடுவோம். ஆனால் அந்த ஆசிட்டில் தகடுகளிலிருந்து உதிர்ந்த காரீயத் தூளும் கரைந்த காரீயமும் கலந்திருக்கும். அமிலம் நாளடைவில் மண்ணில் நீர்த்துப் போகலாம். காரீயம் போகாது. அது மக்கும் பொருள் இல்லை. கொட்டிய இடத்தின் மேல்மண்ணில் பல்லாண்டு தங்கி, காற்றில் தூசியாகவும் மழையில் வண்டலாகவும் நகரும்.

உத்திரமேரூர் வட்டாரம் ஏரிகளை நம்பி வாழும் பகுதி. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரியைக் கவனிக்க ‘ஏரி வாரியம்’ என்று தனிக்குழு வைத்திருந்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. அப்படிக் காத்த ஏரிக்குப் போகும் வாய்க்காலில் பேட்டரி ஆசிட் போய்ச் சேரக்கூடாது.

மாடுகளுக்கும் ஆபத்து உண்டு. உடைந்த பேட்டரித் தகட்டை மாடு நக்கும். கால்நடைகளுக்குக் காரீய நஞ்சு ஏறுவதற்கு உலகம் முழுக்கப் பழைய பேட்டரி ஒரு முக்கியக் காரணமாக இருக்கிறது. மாட்டுக்குக் கண் தெரியாமல் போவது, வட்டமாகச் சுற்றுவது, வலிப்பு ஆகியவை அறிகுறிகள். உடனே 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள்.

பிள்ளைகள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள்

காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சாதாரண விறகு அடுப்பே அதற்குப் போதும். அதனால்தான் மீன் வலைக்குக் குண்டு செய்ய, சின்னச் சின்ன உலோகச் சாமான் வார்க்க, வீட்டுப் பின்புறத்திலேயே பேட்டரியை உடைத்து உருக்கும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது.

ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில், தலைநகர் டக்கார் அருகே தியாரோய் சுர் மேர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மக்கள் பழைய பேட்டரிகளை உடைத்தார்கள். பிறகு அந்த மண்ணைச் சலித்து, காரீயத் துண்டுகளைப் பொறுக்கி விற்றார்கள். மண் மூட்டைகளை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அந்த ஊரில் 18 குழந்தைகள் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் வந்து ஆய்வு செய்தபோது, அந்தக் குடும்பங்களில் உயிரோடு இருந்த பிள்ளைகளின் ரத்தத்திலும் காரீயம் மிக அதிகமாக இருந்தது.

எல்லா இடத்திலும் பாதிப்பு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. பசியின்மை, வயிற்று வலி, ரத்தசோகை, படிப்பில் மந்தம் என்று மெதுவாகத்தான் தெரியும். பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல், விழுங்கிய காரீயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். கர்ப்பிணியின் உடலில் உள்ள காரீயம் கருவையும் சேரும். இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் காரீயம் கவலைக்குரிய அளவில் உள்ளது.

சட்டம் நமக்கு என்ன சொல்கிறது?

2001-இல் வந்த பழைய விதிகளுக்குப் பதிலாக, பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 ஆகஸ்ட் மாதம் வெளியாகின. இதன்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மறுசுழற்சி செய்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நுகர்வோருக்கும் கடமை உண்டு: பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாக வைத்து, சேகரிப்பு அல்லது மறுசுழற்சியில் ஈடுபட்டுள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும். பேட்டரி மேல் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது இதற்காகத்தான்.

ஒழுங்கான ஆலையில் பேட்டரியை இயந்திரம் உடைக்கும். ஆசிட்டைத் தனியாகப் பிரித்துச் செயலிழக்கச் செய்வார்கள். புகை வடிகட்டி வழியாகப் போகும். அங்கே கிடைக்கும் காரீயம் மறுபடி புது பேட்டரி ஆகும். நம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியிலும், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டியிலும் இத்தகைய ஆலைகள் உள்ளன. ஆக, பேட்டரி சரியான கடை வழியாகப் போனால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. புது பேட்டரி வாங்கும்போது இரண்டு விலை கேளுங்கள்: பழையதைக் கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காவிட்டால் எவ்வளவு? பழையதுக்குக் கழித்த தொகையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில்லை போனில் படம் எடுத்து வையுங்கள்.

2. புதுசு வாங்கவில்லையா? அந்தக் கம்பெனியின் டீலரிடம் கேளுங்கள். “பதிவு செய்த மறுசுழற்சி ஆலைக்குத்தானே அனுப்புறீங்க?” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

3. கொடுக்கும் வரை பேட்டரியை நிமிர்த்தி, பிளாஸ்டிக் தட்டின் மேல் வையுங்கள். குழந்தைகள், மாடுகள், கிணறு ஆகியவற்றுக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். இரண்டு முனைகளையும் இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள்.

4. கொண்டுபோகும்போதும் சாய்க்காமல் கட்டுங்கள். கனமான இன்வெர்ட்டர் பேட்டரியை வந்து எடுத்துக்கொள்ளும்படி கடையிலேயே கேளுங்கள்.

5. ஆசிட் கசிந்தால் சமையல் சோடாவைத் தூவுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்துக்கு 108.

6. செல்போன் பேட்டரி வேறு வகை, லித்தியம். இரண்டையும் ஒரே மூட்டையில் போடாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

“வாசல்ல வர்றவரு கூட தர்றாரே?”

தரலாம். ஆசிட்டைப் பிரிக்கவும், புகையை வடிகட்டவும் செலவு செய்யாத இடத்தில் அந்தப் பணம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்குதான் நம் கைக்கு வரும் கூடுதல் ரூபாய். மீதிச் செலவை அந்த ஊர் மண்ணும் தண்ணீரும் ஏற்கின்றன. முதலில் உடம்பு கெடுவது பேட்டரியை உடைக்கும் தொழிலாளிக்கும், அவர் சட்டைத் தூசியோடு வீட்டுக்குப் போகும்போது ஓடிவந்து கட்டிக்கொள்ளும் அவர் பிள்ளைக்கும்தான். வாசலுக்கு வருபவரை விரட்ட வேண்டாம். “உடைக்காம, ஆசிட் கொட்டாம, டீலர்கிட்டயே குடுத்துடுங்கண்ணே” என்று சொன்னால் அவருக்கும் நல்லது.

புகார் எப்படி?

ஊருக்குள் யாராவது பேட்டரியை உடைத்தாலோ உருக்கினாலோ நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம். தூரத்திலிருந்து படம் எடுத்து, இடம், நாள், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமோ மனு கொடுக்கலாம். மனு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்றைக்கே உங்கள் வீட்டுத் திண்ணையையும் கொட்டகையையும் ஒருமுறை பாருங்கள். பழைய பேட்டரி இருந்தால், அடுத்த முறை காஞ்சிபுரமோ உத்திரமேரூரோ போகும்போது முழுசாக எடுத்துப் போய்க் கடையில் கொடுத்துவிடுங்கள்.